பதினொரு கிலோ

குழுக்கடன் இருபத்தைந்தாயிரத்தில்
இரண்டு அலுமினிய அச்சு வாங்கினேன்.
தஞ்சாவூரிலிருந்து திருக்காட்டுப்பள்ளிவரை
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
கண்டக்டர் அதற்கும் ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.
நோட்டில் முதல் வரி அதுதான்:
செலவு, பன்னிரண்டு ரூபாய்.

முதலில் வார்த்ததெல்லாம்
படபடவென்று பொரிந்து அணைந்தன.
திரியில் ஈரம் என்றது யூடியூப்.
அதே வாரம் கொள்முதல் நிலையத்தில்
எங்கள் குறுவையை அள்ளிப் பார்த்து
ஈரப்பதம் பத்தொன்பது என்றார்கள்.
அவர் நெல்லோடு தார்ச்சாலையில் படுத்துக் கிடந்தார்.
நான் நூலை இட்லிப்பானை மூடிமேல் காயவைத்தேன்.
ஒரு வீட்டில் இரண்டு பேர்,
இருவருக்கும் ஒரே எதிரி.

அப்புறம் வெயில்.
பொன்னுருகக் காயும் புரட்டாசி என்பார்கள்.
பொன்னே உருகும் மாதத்தில்
மெழுகை எங்கே வைப்பது?
ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே அடுக்கிய நாற்பது டஜன்
காலையில் பார்த்தால்
பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்பதுபோல்
தலை குனிந்து நின்றன.
உருக்கினேன். மறுபடி வார்த்தேன்.
கட்டில், கால் வைக்க இடமில்லாமல் போனதால்
வாசலுக்குப் போனது.

மளிகைக்கடைக்காரர் சிரித்தார்:
"இன்வெர்ட்டர் இல்லாத வீடு எதும்மா இப்ப?
பத்துப் பாக்கெட் வச்சிட்டுப் போ,
வித்தா காசு."
இரண்டு விற்றது.
இரண்டும் பிறந்தநாளுக்கு.

ஐப்பசி பிறந்த பிறகு
கோயில்பிள்ளை சின்னப்பன் சைக்கிளில் வந்தார்.
கல்லறைத் திருநாளுக்கு எண்ணூறு வேண்டும்.
"காத்துல நிக்கணும்மா.
போன வருசம் பூசை முடியறதுக்குள்ள
செத்தவங்க ரெண்டாந்தரம் இருட்டுல கெடந்தாங்க."

குடமுருட்டிக் கரையில்
சாயங்காலக் காற்றுக்கு எதிரே உட்கார்ந்து
ஒவ்வொன்றாகக் கொளுத்தினேன்.
பையனின் போனில் நேரம்.
நாலு புரித் திரி மூன்று நிமிடம்.
எட்டுப் புரி நின்றது, ஆனால் கரி கக்கியது.
ஆறு.
ஆறு என்று நோட்டில் எழுதி
இரண்டு கோடு போட்டேன்.

அன்று மழை தூறி விட்டது.
நான் அந்த மதமில்லை, வாசலோரம் நின்றேன்.
எல்லோரும் கல்லில் பெயரைப் பார்த்தார்கள்,
நான் சுடரை.
தெற்குச் சுவரோரம் ஏழு அணைந்தன.
குழந்தைகளின் குழிகள் பக்கம்
ஒன்றுகூட அணையவில்லை.
அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.
உடனே அந்தச் சந்தோஷத்தை
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

புகையில் கண் கரித்தது.
பக்கத்திலிருந்த அம்மாள் என் கையைப் பிடித்தாள்:
"யாருக்காக வந்தீங்க?"
கொஞ்சம் யோசித்து
எல்லாருக்கும்தான் என்றேன்.

மறுநாள் சின்னப்பன் கேட்டார்,
"கல்லுல படிஞ்சதச் சுரண்டி எடுத்துக்கிறியா?
எனக்குக் கழுவுற வேலை மிச்சம்."
தோசைத்திருப்பியோடு போனேன்.
சிமெண்டு, சலவைக்கல், வெறும் மண்மேடு.
ஒருவர் பெயரின் கால்வாங்கியில்
உறைந்திருந்ததை நகத்தால் எடுக்க வேண்டியிருந்தது.
மன்னிச்சுக்குங்க என்றேன்,
வேலையை நிறுத்தாமல்.

வீட்டில் தராசில் வைத்தேன்: பதினொரு கிலோ.
பழைய வேட்டியில் வடிகட்டினால்
எறும்பு, அருகம்புல், செவ்வந்தி இதழ்.
அவர் எட்டிப் பார்த்து
"இத விக்கிறது பாவமில்லையா?" என்றார்.
மெழுகு கிலோ நூற்றிநாற்பது,
பெருக்கிப் பாருங்கள் என்றேன்.
பெருக்கினார். மேலே கேட்கவில்லை.
வார்த்தபோது வெள்ளை வரவில்லை,
சாம்பல் நிறம்.
தனிப் பெட்டியில் போட்டு
விலை எழுதாமல் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை தவணைக்காரத் தம்பி வந்தபோது
கடலில் புயல் என்று கரண்டை நிறுத்தியிருந்தார்கள்.
தேடிய கைக்கு அந்தப் பெட்டிதான் அகப்பட்டது.
ஒன்றைக் கொளுத்தினேன்.
ஜன்னல் காற்றில் சாய்ந்து, நிமிர்ந்து, எரிந்தது.
தம்பி நோட்டுகளை இரண்டு தடவை எண்ணினான்.
'தையல்நாயகி, ஒன்பதாம் தவணை' என்று
கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.
பேனாவை மூடிக்கொண்டே கேட்டான்:
"நல்லா நிக்குதேக்கா.
எங்க வாங்குனது?"